பெயர் மாறினால் கணக்கு பொதுவாகிவிடுமா?

வரலாறு, தொல்லியல், மொழியியல் ஆகிய துறைகளில் தமிழில் எழுதும் எவரும் ஒரு சிறிய முடிவை எடுத்தே ஆகவேண்டியிருக்கிறது. அசோகரின் காலத்தைக் ‘கி.மு. 3ஆம் நூற்றாண்டு’ என்று குறிப்பதா, ‘பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டு’ என்று குறிப்பதா? எண் ஒன்றே, காலமும் ஒன்றே, மாறுபவை சில எழுத்துகள் மட்டுமே. ஆனாலும் அந்த எழுத்துகளைக் கொண்டே எழுதியவரின் சார்பை அளக்கும் வழக்கம் கல்விப்புலத்தில் வேரூன்றி வருகிறது. முதலாவதை எழுதியவர் பழைமையில் தேங்கியவர் என்கிறது ஒரு தரப்பு. இரண்டாவதை எழுதியவர் கிறித்துவின் பெயரை வேண்டுமென்றே நீக்குபவர் என்கிறது மற்றொரு தரப்பு. இடையில், ஆய்வேட்டில் எதை எழுதினால் திருத்தச் சொல்வார்கள் என்று தெரியாமல் தயங்கி நிற்பவர் மாணவர்.

இது சமயத்துக்கும் சமயச் சார்பின்மைக்கும் இடையிலான தேர்வு என்னும் எண்ணமே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பிறந்த ஒரு வாதத்தை, அதன் சூழலைக் கழற்றிவிட்டு, முடிவை மட்டும் இங்கே இறக்கிக்கொண்டதால் வந்த விளைவு அது. இந்தியச் சூழலில் இந்தத் தேர்வுக்கு வேறு காரணங்கள் தேவை. வேறு எச்சரிக்கைகளும் தேவை.

முதலில் கணக்கின் பிறப்பு. 525ஆம் ஆண்டில் உரோம் நகரில் வாழ்ந்த டயனீசியஸ் எக்சிகுவஸ் என்னும் துறவி, ஈஸ்டர் திருநாள் வரும் நாள்களைக் கணிக்கும் அட்டவணை ஒன்றைத் தொகுத்தார். அவருக்கு முன்பிருந்த அட்டவணை, உரோமப் பேரரசர் டயோக்ளீசியன் அரியணை ஏறிய 284ஆம் ஆண்டிலிருந்து எண்ணி வந்தது. கிறித்தவர்களைக் கொடுமையாகத் துன்புறுத்திய ஒருவரின் நினைவைத் தம் அட்டவணையில் தொடர விரும்பாத டயனீசியஸ், கிறித்து மனிதராகப் பிறந்ததிலிருந்து எண்ணினார். ஆக, இன்று சமயப் பெயர் என்று சுட்டப்படும் இந்தக் கணக்கே, ஒவ்வாத பெயர் ஒன்றை விலக்கும் முயற்சியில் பிறந்ததுதான். எகிப்தின் காப்டிக் திருச்சபையோ வேறு வழியில் சென்றது. டயோக்ளீசியன் கணக்கை அது கைவிடவில்லை. அதற்கு ‘மறைசாட்சிகளின் ஆண்டு’ என்று பெயரிட்டு இன்றும் எண்ணி வருகிறது. கொன்றவரின் பெயரிலிருந்த கணக்கு கொல்லப்பட்டோரின் பெயருக்கு மாறியது, எண் மாறவில்லை. கணக்கையே மாற்றுவது, கணக்கை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவது என்னும் இரு வழிகளும் தொடக்கத்திலேயே இருந்தன.

டயனீசியஸின் கணக்கு உடனே உலகை ஆளவும் இல்லை. 731இல் முடிக்கப்பட்ட தமது ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றில் பீடு என்னும் துறவி அதைக் கையாண்ட பிறகே அது மெல்லப் பரவியது. போர்ச்சுக்கல் நாடு தன் பழைய கணக்கை விட்டு இதற்கு மாறியது 1422இல்தான். கிறித்துவுக்கு முந்திய ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணும் முறை பரவலாக நிலைபெற்றது 17ஆம் நூற்றாண்டில். என்றென்றும் இருந்த ஒன்றாக இன்று தோன்றும் ‘கி.மு.’வின் வயது, தமிழில் அச்சு நூல்கள் தோன்றிய காலத்தைவிடக் குறைவு.

அடுத்து, ‘பொது ஆண்டு’ என்பதன் மூலம். இது 20ஆம் நூற்றாண்டின் சமய எதிர்ப்பாளர்கள் புனைந்த சொல் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மை வேறு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வானியலறிஞர் ஜோகன்னஸ் கெப்ளர், இந்தக் கணக்கை இலத்தீனில் ‘வல்காரிஸ்’ கணக்கு என்று குறித்தார். கெப்ளர் ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். கிறித்துவின் பெயரை மறைக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. மன்னர்களின் ஆட்சியாண்டுக் கணக்கிலிருந்து வேறுபடுத்தி, மக்கள் வழக்கில் உள்ள கணக்கு என்பதே அச்சொல்லின் பொருள். ஆங்கிலத்தில் இது ‘வல்கர் எரா’ ஆயிற்று. பின்னர் ‘வல்கர்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் கொச்சை, ஆபாசம் என்று பொருள் தாழ்ந்தது. மணம் என்று பொதுவாகப் பொருள்பட்ட ‘நாற்றம்’ தமிழில் தீமணத்துக்கு மட்டும் ஒதுங்கியதைப் போன்ற இழிபொருட்பேறு அது. அந்த இடத்தை ‘காமன்’ என்னும் சொல் நிரப்பிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘காமன் எரா’ ஆங்கில அச்சில் காணக் கிடைக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர்கள் இச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டபோதுதான் இதற்கு இன்றுள்ள பொருள் ஏறியது. அவர்களுடைய தடையில் நியாயம் இருந்தது. ஏ.டி. என்பதன் விரிவான ‘அன்னோ டொமினி’, ‘ஆண்டவரின் ஆண்டில்’ என்று பொருள்படும். இயேசுவை ஆண்டவராக ஏற்காத ஒருவர் ஒவ்வொரு கடிதத்திலும் ‘ஆண்டவரின் ஆண்டில்’ என்று எழுதுவது, தம் நம்பிக்கைக்கு மாறான அறிக்கையைக் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கிறித்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த நாடுகளில், சிறுபான்மையினர் ஒருவர் தம் மனச்சான்றைக் காத்துக்கொள்ளத் தேடிய ஒதுக்கிடம் ‘காமன் எரா’. அதன் அறவலிமை முழுவதும் அந்த இடத்திலிருந்து வருவது.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. ஆங்கிலத்தின் ஏ.டி.யைத் தமிழ் மொழிபெயர்க்கவே இல்லை. ‘கி.பி.’ என்பது ‘கிறித்துவுக்குப் பின்’, அது பி.சி. என்பதன் தமிழாக்கமான ‘கிறித்துவுக்கு முன்’ என்பதைத் திருப்பிப் போட்டு உருவாக்கிய எதிரிணை. அதில் ‘ஆண்டவர்’ இல்லை. நம்பிக்கை அறிக்கையும் இல்லை. ஒரு நபரை எல்லைக்கல்லாக நிறுத்தும் செயல் மட்டுமே இருக்கிறது. ‘கிறித்து’ என்பதுவும் ‘திருப்பொழிவு பெற்றவர்’ எனப் பொருள்படும் பட்டப்பெயர்தான் என்று வாதிடலாம். ஆனால் தமிழில் அது இயற்பெயராகவே வழங்குகிறது. எனவே யூத அறிஞர் ஒருவர் ஏ.டி.க்கு எதிராக எழுப்பிய தடையை அப்படியே கி.பி.க்கு எதிராக எழுப்ப இயலாது.

பிற இந்திய மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்தியில் ‘ஈசவி சன்’, ‘ஈசா பூர்வ’. மராத்தியில் ‘இசவி சன்’. இவற்றிலுள்ள ‘ஈசா’, இயேசுவுக்குத் திருக்குர்ஆன் வழங்கும் பெயர். ‘சன்’ என்பதோ ஆண்டைக் குறிக்கும் அரபுச் சொல். வட இந்தியாவின் ‘சமயப் பெயர்’ ஐரோப்பியப் பாதிரிமாரிடமிருந்து நேரே வந்ததன்று. அரபு, பாரசீகம் வழியாக இசுலாமியச் சொல்வழக்கில் தோய்ந்து வந்தது. வங்காளத்தில் ‘கிரிஷ்டாப்தம்’ என்னும் பொருளில் வடமொழித் தொடர். மலையாளத்தில் ‘கிறிஸ்துவர்ஷம்’. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘கிறிஸ்து சகம்’. ஒரே கணக்குக்கு இத்தனை பெயர்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு வரலாற்றைச் சுமக்கிறது. இவை அனைத்தையும் ஆங்கிலத்தின் ஏ.டி.யாகக் கருதி ஒரே மருந்தைப் புகட்டுவது மொழியறிவுக்குப் பொருந்தாது.

‘கிறிஸ்து சகம்’ என்னும் தொடர் தனியே நின்று நோக்கத்தக்கது. பொ.ஆ. 78இல் தொடங்கும் சக ஆண்டு, வடமேற்கிலிருந்து வந்து ஆண்ட சகர்களின் பெயரால் அமைந்தது. பிற்காலத்தில் அதனோடு சாலிவாகனரின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கும் அப்பால், ‘சகம்’ என்னும் சொல்லே ஆண்டுக் கணக்கு என்னும் பொதுப்பொருளுக்குத் தேய்ந்தது. அதனால்தான் கிறித்துவுக்கும் ஒரு ‘சகம்’ வாய்த்தது. தமிழிலோ ‘சக அப்தம்’, அதாவது சகரின் ஆண்டு, ‘சகாப்தம்’ ஆகி, பெருந்தலைவர் ஒருவர் மறைந்தால் ‘ஒரு சகாப்தம் முடிந்தது’ என்று எழுதும் அளவுக்குப் பொதுச்சொல் ஆகிவிட்டது. அதை எழுதும் எவருக்கும் சக மன்னர்கள் நினைவுக்கு வருவதில்லை.

விக்கிரம ஆண்டின் கதையும் இதே போன்றது. பொ.ஆ.மு. 57இல் தொடங்கும் அந்தக் கணக்கைத் தொடக்ககாலக் கல்வெட்டுகள் ‘கிருத’ என்றன; பின்னர் அது மாளவரின் கணக்கு எனப்பட்டது; பல நூற்றாண்டுகள் கழித்தே விக்கிரமரின் பெயரைப் பெற்றது. எண்கள் தொடர்ந்து ஓடின. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. ஐகொளெயில் இரண்டாம் புலிகேசியின் புகழ்பாடும் கல்வெட்டு, பாரதப் போருக்குப் பின் 3735 ஆண்டுகள், சக மன்னர் கணக்கில் 556 ஆண்டுகள் என இரண்டு கணக்குகளையும் அருகருகே தருகிறது. தம் நம்பிக்கை சார்ந்த ஒரு கணக்கையும் அயலார் பெயரிலமைந்த ஒரு கணக்கையும் ஒரே கல்லில் பொறிக்க அந்தப் புலவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இந்தச் சான்றுகளிலிருந்து எளிதான முடிவு ஒன்றுக்குத் தாவலாம்: பெயர்கள் தேய்ந்துவிடும், கி.பி.யும் தேய்ந்துவிட்டது; எனவே மாற்றம் தேவையில்லை. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ‘கி.பி. 1857’ என்று படிக்கும்போது இயேசுவை நினைப்பவர் அரிது. ஆயினும் சகர்களின் பெயர் தேய்ந்ததற்கும் கிறித்துவின் பெயர் தேய்வதற்கும் வேறுபாடு உண்டு. சகர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் சமூகம் இன்று இல்லை. கிறித்தவமோ வாழும் சமயம். அந்தப் பெயரை நீக்கினாலும் அதை நேசிப்போர் கவனிப்பர். வைத்திருந்தாலும் அதோடு முரண்படுவோர் கவனிப்பர். சொல்லின் பொருள் தேய்ந்திருக்கலாம். சொல்லை மாற்றும் செயலின் பொருள் தேய்வதில்லை.

அந்தச் செயலின் பொருள் இந்தியாவில் தலைகீழாகிறது என்பதுதான் இவ்விவாதத்தில் பெரும்பாலும் பேசப்படாத செய்தி. மேலைநாடுகளில் ‘காமன் எரா’ பெரும்பான்மைச் சமயத்தின் முத்திரையைப் பொதுவெளியிலிருந்து சற்று விலக்கிச் சிறுபான்மையினருக்கு இடம் தந்தது. இந்தியாவில் கிறித்தவர்கள், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 2.3 விழுக்காட்டினர். இங்கே அதே மாற்றம், சிறுபான்மையினர் ஒருவரின் பெயரைப் பாடநூலிலிருந்து அரசு நீக்குவதாகத் தோற்றமளிக்கக் கூடும். 2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் பொ.ஆ.மு., பொ.ஆ. என்னும் குறியீடுகள் இடம்பெற்றபோது சட்டமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. பழைய வழக்கே தொடரும் என்று அரசு சொல்ல நேர்ந்தது. அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கியவர்கள், செயல் ஒன்றாயினும் அதன் பொருள் இடத்துக்கு இடம் மாறும் என்பதைக் கவனிக்கத் தவறினர். சொல்லுக்குப் பொருள் சூழலிலிருந்து வருகிறது என்பது மொழியியலின் முதற்பாடம். சொல்மாற்றத்துக்கும் அதே பாடம் பொருந்தும்.

‘பொது’ என்னும் அடைமொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. யாருக்குப் பொது, எப்போதிலிருந்து பொது என்னும் கேள்விகளை அது விழுங்கிவிடுகிறது. இந்தக் கணக்கு இந்தியாவில் வழக்கத்துக்கு வந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளே ஆகின்றன. அது பொதுவானது கூடிப்பேசிய உடன்பாட்டால் அன்று. கும்பினியாரின் கணக்கேடுகளும் நீதிமன்றங்களும் தபால்நிலையங்களும் தொடர்வண்டிக் கால அட்டவணைகளும் அதைப் பொதுவாக்கின. ‘கிறித்து ஆண்டு’ என்றால் கணக்கின் தொடக்கம் எங்கிருக்கிறது என்றாவது தெரியும். ‘பொது ஆண்டு’ என்றால் அது தெரிவதில்லை. சக ஆண்டு, விக்கிரம ஆண்டு, கொல்லம் ஆண்டு, கலியாண்டு, ஹிஜ்ரி ஆண்டு, திருவள்ளுவர் ஆண்டு என எல்லாக் கணக்குகளும் தத்தம் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்க, ஒன்று மட்டும் தன் பெயரை மறைத்துக்கொண்டு ‘பொது’ என்று நிற்பது ஆதிக்கத்தின் இயல்பான அடையாளம் என்று கூறுவோரின் வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. பிற மொழிகள் சில இதைக் கையாண்ட விதம் சிந்திக்கத் தூண்டுவது. ஜப்பானியர் இதை ‘மேற்கின் நாட்காட்டி’ என்னும் பொருளில் ‘செய்ரெகி’ என்கின்றனர். அரபியில் ‘மீலாதி’, அதாவது பிறப்பைச் சார்ந்தது. இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில், மெசியா என்பதிலிருந்து வந்த ‘மசேஹி’ என்னும் சொல் வழக்கில் உள்ளது.

விடுதலை பெற்ற இந்தியா இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் இல்லை. நாட்டில் ஏறத்தாழ 30 நாட்காட்டிகள் வழக்கில் இருந்த நிலையில், 1952இல் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாக, தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் இன்றும் அந்தத் தேதி இருக்கிறது. மக்கள் வாழ்க்கையில் இல்லை. அந்த நாட்காட்டியின் புத்தாண்டு நாளையும் மார்ச் 22 என்று, நெட்டாண்டில் மார்ச் 21 என்று, கிரிகோரியன் கணக்கைக் கொண்டே விளக்கவேண்டியிருக்கிறது. பொதுமை என்பது அறிவிப்பால் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது. அந்தப் பொருளில் இது இன்று பொதுக்கணக்கே என்பதை மறுக்கவும் முடியாது.

அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை இன்னொரு பாடம் தருகிறது. ஆங்கில வடிவத்தில் 1949 நவம்பர் 26 என்னும் நாள் எந்தக் குறியீடும் இன்றி நிற்கிறது. இந்தி வடிவத்திலோ 1949 என்பதை அடுத்து ஈசவியின் சுருக்கமும், அடைப்புக்குள் மார்க்கசீரிட மாதத்து வளர்பிறை ஏழாம் நாள், விக்கிரம ஆண்டு 2006 என்பதும் உள்ளன. ஒரே ஆவணத்தின் ஒரு மொழியில் கணக்கின் பெயரே இல்லை. மறுமொழியில் இரண்டு கணக்குகளின் பெயர்கள் உள்ளன. இரண்டாலும் எவருக்கும் இடையூறு நேரவில்லை. சமயச் சார்பற்ற குடியரசு ஒன்று, தன் பிறப்புச் சான்றில் ஈசாவையும் விக்கிரமரையும் ஒருசேர அமர்த்திக்கொள்ள முடிந்திருக்கிறது.

அப்படியென்றால் ஆய்வெழுத்தில் பொ.ஆ. வேண்டாமா? வேண்டும். ஆனால் அதற்கான காரணம் வேறு. கிறித்துவின் பெயர் ஆய்வுநூலில் இருக்கக்கூடாது என்பது காரணமன்று, கி.மு., கி.பி. ஆகியவை சொற்பொருளளவில் பிழையான கூற்றுகள் என்பதே காரணம். மத்தேயு நற்செய்தி இயேசுவின் பிறப்பை ஏரோது மன்னரின் ஆட்சிக்காலத்தில் வைக்கிறது. அந்த மன்னர் இறந்த ஆண்டு கி.மு. 4 என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. ஆகவே, கிறித்து பிறந்தது ‘கிறித்துவுக்கு முன்’ நான்காம் ஆண்டுக்கோ அதற்கும் முன்போ என்று எழுத நேர்கிறது. மறுமுனையில், பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. இயேசு சிலுவையில் அறையப்பட்டது அவருடைய ஆட்சியில். ‘கிறித்துவுக்குப் பின்’ முப்பதாம் ஆண்டளவில் கிறித்து வாழ்ந்துகொண்டிருந்தார் என்று இதற்குப் பொருளாகிறது. ஆங்கிலத்தின் ஏ.டி. ‘ஆண்டவரின் ஆண்டில்’ என்று மட்டுமே சொல்வதால் இந்த இரண்டாவது சிக்கலிலிருந்து தப்பிக்கிறது. தமிழின் கி.பி. தப்பவில்லை. ஆங்கிலத்தில் பி.சி.இ.க்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மைக் காரணம் மனச்சான்று சார்ந்தது, தமிழில் பொ.ஆ.வுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க முதன்மைக் காரணம் பொருள்சார்ந்தது. இந்தக் காரணம் எந்த நம்பிக்கையையும் சீண்டுவதில்லை. கிறித்தவ இறையியல் மாணவருக்கும் அது உடன்பாடாகவே இருக்கும்.

ஆனால் காரணம் பொருள்சார்ந்தது என்றால், மாற்றாக வரும் சொல்லும் பொருள்பிழை இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே தமிழ் எழுத்துலகம் அக்கறையின்றி நடந்துகொண்டிருக்கிறது. ‘பொ.ஆ.பி.’ என்று பலர் எழுதுகின்றனர். கி.மு.வுக்கு இணையாகப் பொ.ஆ.மு. என்றால் கி.பி.க்கு இணையாகப் பொ.ஆ.பி. என்று ஒப்புமையாக்கத்தால் விளைந்த வடிவம் இது. விரித்துப் பார்த்தால் ‘பொது ஆண்டுக்குப் பின்’ என்றாகிறது. பொது ஆண்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை. அதற்குப் ‘பின்’ எந்த ஆண்டும் இல்லை. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்குச் செப்புக்குடம் அளித்தது பொது ஆண்டில்தான், அதற்குப் பின் அன்று. பிழையைத் திருத்த வந்த சொல், பழைய பிழையின் வார்ப்பிலேயே புதிய பிழையை வார்த்துக்கொண்டது. பொ.ஆ.மு. எனவும் பொ.ஆ. எனவும் எழுதுவதே பொருந்தும்.

இன்னொரு குழப்பம், பெயர்களின் பெருக்கம். பொது ஆண்டு, பொது யுகம், பொது ஊழி, பொதுக் காலம் என ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கம். ‘ஆண்டு’ என்பது ஓர் ஆண்டை மட்டுமே குறிக்கும், நெடுங்காலத்தைக் குறிக்காது என்பதே பிற சொற்களைத் தேடுவோர் சொல்லும் காரணம். தமிழ் மரபு இதற்கு விடை வைத்திருக்கிறது. சக ஆண்டு, கொல்லம் ஆண்டு, திருவள்ளுவர் ஆண்டு என்னும் தொடர்களில் ‘ஆண்டு’ என்னும் சொல் ஆண்டுக் கணக்கையே குறிக்கிறது. முன்னே ஒரு பெயரடை வந்தால் அந்தச் சொல் அந்தப் பொருளை ஏற்பது தமிழின் நெடுநாள் வழக்கு. எனவே ‘பொது ஆண்டு’ பிழையற்ற தமிழ். அதை விட்டுவிட்டு யுகத்தையும் ஊழியையும் நாடவேண்டிய தேவை இல்லை. கலியுகத்தையும் ஊழிக்காலத்தையும் நினைவூட்டும் அச்சொற்கள், சமயச் சார்பற்ற பெயரைத் தேடிப் புறப்பட்டு மற்றொரு சமயச் சொல்லடைவுக்குள் நுழைந்துவிட்ட முரணையும் சுமக்கின்றன.

பெயர்மாற்றத்தால் தீராத குறை ஒன்றையும் மாணவருக்குச் சொல்லியாகவேண்டும். இந்தக் கணக்கில் சுழியம் ஆண்டு இல்லை. பொ.ஆ.மு. 1ஐ அடுத்து வருவது பொ.ஆ. 1. ஆகவே பொ.ஆ.மு. 100க்கும் பொ.ஆ. 100க்கும் இடைப்பட்டவை 199 ஆண்டுகளே, 200 அல்ல. வானியலார் சுழியத்தைச் சேர்த்துக் குறையெண்களால் எண்ணி இதைத் தீர்த்துக்கொள்கின்றனர். கி.மு. என்று எழுதினாலும் பொ.ஆ.மு. என்று எழுதினாலும் இந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. பெயரைப் பற்றிய சண்டையில் செலவாகும் உழைப்பில் ஒரு பகுதியேனும் இதைக் கற்பிப்பதில் செலவானால், காலக்கணிப்பில் நேரும் ஓராண்டுப் பிழைகள் பல குறையும்.

நடைமுறைக்கு வருவோம். ஆய்வேடு, ஆய்விதழ், கல்வெட்டுப் பதிப்பு ஆகியவற்றில் பொ.ஆ.மு., பொ.ஆ. என்னும் இணையை ஒருமுகமாகக் கையாளலாம். முதல் இடத்தில் ‘கி.மு., கி.பி. என வழங்குவதும் இதுவே’ என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரி தவிர்க்கக் கூடியதன்று. சக ஆண்டையோ திருவள்ளுவர் ஆண்டையோ கண்டால் கூட்டிக் கழித்து மாற்றவேண்டும் என்று கற்ற மாணவர், பொ.ஆ.வையும் தனிக்கணக்காக எண்ணிக் கூட்டவோ கழிக்கவோ முற்படலாம். குழப்பத்துக்கு இடமில்லாத இடத்தில் குறியீட்டையே விட்டுவிடலாம். தஞ்சைக் கல்வெட்டு தரும் ‘யாண்டு 25, நாள் 275’ என்பதை 1010 என்று மாற்றி எழுதினால் போதும், அதைப் பொ.ஆ.மு. 1010 என்று எவரும் எண்ணப்போவதில்லை. குறியீடு உண்மையில் தேவைப்படுவது, காலம் எல்லைக்கு இருபுறமும் அசையும் சங்ககாலம் போன்ற இடங்களில்தான்.

மேற்கோளில் கைவைக்கக் கூடாது. முன்னோர் ஒருவர் ‘கி.பி. 2ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருந்தால் மேற்கோளிலும் அப்படியே இருக்கவேண்டும். ஒழுங்குக்காக அதைப் பொ.ஆ. என்று மாற்றுவது அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதாகும். மறுபதிப்புகளுக்கும் இது பொருந்தும். ஒரு சொல் எப்போது வழக்கிலிருந்தது, எப்போது மாறியது என்பதே பிற்காலத்து ஆய்வாளருக்குச் சான்று. அந்தச் சான்றை இன்றைய நெறிக்காக அழிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

கடைசியாக, மாணவரின் விடைத்தாள். கி.மு. என்று எழுதியதற்காக மதிப்பெண் குறைப்பதும், பொ.ஆ.மு. என்று எழுதியதற்காக நோக்கம் கற்பிப்பதும் ஒரே வகைத் தவறு. சிற்றூர்ப் பள்ளியில் ஒரு வகுப்பில் ஒன்றையும் அடுத்த வகுப்பில் மற்றொன்றையும் கற்று, கல்லூரிக்கு வந்து இரண்டையும் கலந்து எழுதும் மாணவரிடம் சார்பு எதுவும் இல்லை. பாடநூல்களின் தடுமாற்றம் மட்டுமே இருக்கிறது. ஒரே ஆய்வேட்டில் இரண்டையும் கலக்கவேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை. எதை எழுதினால் எந்த முகாமில் நிற்கிறார் என்று முடிவுகட்டுவது அந்தக் கடமையில் சேராது.

கணக்கின் தொடக்கம் ஒரு சமயத்தின் நம்பிக்கையில் இருக்கிறது. அதன் பரவல் ஒரு பேரரசின் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் இன்றைய பயன் எல்லாருக்கும் உரியது. பொது ஆண்டு என்று எழுதுபவர் முதல் இரண்டையும் மறந்துவிடவேண்டியதில்லை. கிறித்து ஆண்டு என்று எழுதுபவர் மூன்றாவதை மறுக்கவேண்டியதில்லை. எதைத் தேர்ந்தாலும் ஏன் அதைத் தேர்ந்தார் என்று ஆய்வாளரால் ஒரு வரியில் சொல்ல முடியவேண்டும். அந்த வரி ‘இப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்’ என்பதாக மட்டும் இருக்கக்கூடாது.